இந்த மரத்துக்கு என்ன பெயர்?
வன்னிக் காட்டு மரங்களையும் பற்றைகளையும் இனங்காண ஒரு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தோடு வவுனியா வடக்கிலுள்ள அவர்களின் பழைய காணியைப் பார்க்கப் போயிருந்தேன். போரின்போது விட்டுப் போன காணி அது. இடையில் மடு, பிறகு நலன்புரி நிலையம், பிறகு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ், கடைசியில் கொட்டாஞ்சேனையில் வாடகை அறை என்று அந்தக் குடும்பம் இருபது ஆண்டுகளுக்கு மேல் அலைந்திருந்தது. வீடு இருந்த இடத்தில் கூரையைவிட உயரமாகப் பற்றை வளர்ந்திருந்தது. காணி பார்க்க வந்த அதிகாரி மகனிடம், "இது காடுதானே? இதில் எது நீங்கள் வைத்த மரம்?" என்று கேட்டார். மகனுக்கு வயது நாற்பதுக்குக் கிட்ட. படித்ததும் வேலை பார்த்ததும் கொழும்பில். அவரால் ஒரு மரத்தின் பெயரையும் சொல்ல முடியவில்லை. அதிகாரி தம் தாளில் "காடு" என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த முறை அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். எழுபத்தெட்டு வயது, கையில் தடி. அவர் பற்றைக்குள் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுத் தடியால் ஒவ்வொன்றாகக் காட்டினார். "அது நான் வைச்ச புளி. அங்காலை நிக்கிறது ரெண்டும் மா. இந்தக் கிளுவை எல்லாம் எங்கடை வேலிக் கதியால். அந்தப் பாலை மட்டும் நாங்கள் வர முந்தியே நிண்டது." பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, "காடு நேர் வரிசையிலை மரம் வைக்குமோ மாத்தையா?" என்று கேட்டார்.

அன்றே காணி கிடைத்துவிடவில்லை. ஆனால் அறிக்கையில் ஒரு வரி மாறியது. "பழைய குடியிருப்பின் அடையாளங்கள் உண்டு" என்ற வரி சேர்ந்தது. அந்த வரி இல்லாமல் அடுத்த படிக்குப் போயிருக்க முடியாது.

அம்மம்மாவுக்குத் தெரிந்தது பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. அவரைப் போன்றவர்கள் இன்று கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மாடி அறைகளில் இருக்கிறார்கள். அவர்களோடு இந்த அறிவும் போய்விடக் கூடாது. காட்டு மரம் ஒன்றை எப்படிப் பார்ப்பது, எப்படிப் பெயர் கண்டுபிடிப்பது என்பதை இக்கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம்.

எந்தக் காடு?

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். இலங்கையின் காடு எல்லாம் ஒரே காடு அல்ல. கொழும்பு ஈர வலயத்தில் இருக்கிறது. இங்கே ஆண்டு மழை 2,000 மில்லிமீற்றருக்கு மேல். வன்னி, மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு ஆகியவை உலர் வலயத்தில் அடங்கும். அங்கே மழை 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவு. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையுள்ள மாரியில் கொட்டிவிடும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கடும் வரட்சி. இந்த வரட்சியைத் தாங்கும் மரங்கள்தான் வன்னிக் காட்டில் நிற்கின்றன. பெரும்பாலானவை தடித்த, மினுமினுப்பான, சிறிய இலை கொண்டவை. மெதுவாக வளர்பவை. அதனாலேயே அவற்றின் வைரம் கடினமானது.

பெயர்களிலும் கவனம் தேவை. தமிழ்நாட்டில் "பாலை" என்று சொன்னால் வேறு மரத்தையும் குறிக்கும். நாம் "முதிரை" என்று சொல்லும் மரத்துக்கு அங்கே வேறு பெயர்கள் உண்டு. எனவே முக்கியமான மரங்களுக்குச் சிங்களப் பெயரையும் சேர்த்துத் தருகிறேன். திணைக்கள அதிகாரிகள் பெரும்பாலும் அந்தப் பெயராலேயே எழுதுகிறார்கள். காணி விசாரணையில் "பாலை" என்று நீங்கள் சொல்வதும் "பலு" என்று அவர் எழுதுவதும் ஒன்றுதான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆறு கேள்விகள்

புதிய மரத்தின் முன் நிற்கும்போது உடனே பெயரைத் தேடாதீர்கள். முதலில் இந்த ஆறு கேள்விகளையும் கேளுங்கள்.

ஒன்று: எங்கே நிற்கிறது? ஆற்றங்கரையா, குளக்கட்டா, மேட்டுக் காடா, உவர் நிலமா? இடம் தெரிந்தாலே பல மரங்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம்.

இரண்டு: பட்டை எப்படி? முதலைத் தோல் போல வெடித்ததா, வழவழப்பானதா, தகடு தகடாக உரிவதா, தக்கை போலத் தடித்ததா? இலை உதிர்ந்த காலத்திலும் பட்டை இருக்கும். எனவே பட்டையை நம்பிப் பழகுங்கள்.

மூன்று: இலைகள் கொப்பில் எப்படி நிற்கின்றன? இரண்டு இரண்டாக நேருக்கு நேரா, ஒன்று இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கமாக மாறி மாறியா, அல்லது நுனியில் கொத்தாகவா?

நான்கு: தனி இலையா, கூட்டிலையா? இங்குதான் பலர் தவறுகிறார்கள். வேம்பின் ஈர்க்கில் பத்துப் பதினைந்து சிறு இலைகளைப் பார்த்து அவை ஒவ்வொன்றையும் ஓர் இலை என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த ஈர்க்கு முழுவதும் ஓர் இலைதான். சோதிப்பது எளிது. காம்பு கொப்போடு சேரும் மூலையில் ஒரு சிறு மொட்டு இருந்தால் அது முழு இலை. மொட்டு இல்லாவிட்டால் அது ஓர் இலையின் துண்டு, அதாவது சிற்றிலை.

ஐந்து: இலையைக் கிள்ளினால் பால் வருகிறதா? கசக்கினால் மணக்கிறதா? பால் வந்தால் கையைக் கண்ணுக்குக் கொண்டு போகாதீர்கள். களப்போரத்தில் நிற்கும் தில்லை மரத்தின் பால் கண்ணைக் கடுமையாகத் தாக்கும். எருக்கலை, கள்ளி ஆகியவற்றின் பாலும் அப்படித்தான்.

ஆறு: மரத்தின் கீழே என்ன கிடக்கிறது? பூ, காய், கொட்டை, உலர்ந்த கோது எதுவாயினும் பொறுக்குங்கள். உயரத்தில் உள்ளதைக் கண் பிடிக்காதபோது நிலத்தில் கிடப்பது சொல்லிவிடும். ஆனால் அது பக்கத்து மரத்தினுடையதா என்றும் பாருங்கள்.

இந்த ஆறில் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. மூன்றாவது ஒத்துவந்தால்தான் பெயர் சொல்லலாம்.

மேட்டுக் காட்டின் பெரிய மரங்கள்

பாலை. சிங்களத்தில் பலு. தாவரவியலில் மனில்காரா ஹெக்ஸாண்ட்ரா. கறுத்த பட்டை, ஆழமாக வெடித்துச் சிறு சிறு கட்டங்களாக இருக்கும். இலை தோல் போலத் தடித்தது. நுனி வட்டமாக, நடுவில் சிறு வெட்டோடு இருக்கும். கொப்பு நுனியில் கொத்தாக நிற்கும். கிள்ளினால் பால் வரும். மஞ்சள் பழம், உள்ளே பளபளப்பான கொட்டை. வைகாசி முதல் ஆடி வரை பழக்காலம். தின்றால் உதடு ஒட்டும் என்பது தின்றவர்களுக்குத் தெரியும். கரடிக்கும் இந்தப் பழம் விருப்பம். எனவே பழக்காலத்தில் பாலை மரத்தடிக்குத் தனியே போகாதீர்கள். இதன் மரம் தண்ணீரில் தாழும் அளவுக்குப் பாரமானது.

வீரை. சிங்களத்தில் வீர. அடிமரம் உருண்டையாக இராது. பள்ளமும் மேடுமாக, முறுக்கியது போல, பொந்துகளோடு நிற்கும். இலை கரும்பச்சை, மினுமினுப்பு, மாறி மாறி நிற்கும். இலையின் அடிப்பகுதியில் இரு பக்கமும் ஒத்திராது. சிறிய சிவப்புப் பழம் உண்ணத்தக்கது. ஆண் மரமும் பெண் மரமும் வேறு வேறு. எனவே பழம் இல்லை என்பதற்காக வீரை அல்ல என்று சொல்லிவிடாதீர்கள். பாலையையும் வீரையையும் பிரிக்க விரைவான வழி இலையைக் கிள்ளுவதுதான். பால் வந்தால் பாலை, வராவிட்டால் வீரை.

முதிரை. சிங்களத்தில் புருத்த. ஆங்கிலேயர் பட்டுமரம் என்ற பொருளில் பெயர் வைத்து விரும்பி ஏற்றுமதி செய்த மரம். பட்டை வெளிறிய, தடித்த, தக்கை போன்றது. கூட்டிலை. ஈர்க்கின் இரு பக்கமும் நெருக்கமாகப் பல சிற்றிலைகள். ஒவ்வொரு சிற்றிலையும் நடு நரம்பின் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் இருக்கும். வரட்சியில் இலை உதிர்க்கும். காய் மூன்றாகப் பிளந்து இறகுள்ள விதைகளை விடும். அரியும்போது பறக்கும் தூள் சிலருக்குத் தோலில் கடியை உண்டாக்கும்.

கருங்காலி. சிங்களத்தில் களுவர. கறுத்த பட்டை, செதில் செதிலாக உதிரும். இலைகள் கொப்பின் இரு பக்கமும் தட்டையாக வரிசையாக நிற்கும். காய்ந்த இலையில் நரம்புவலை இரு பக்கமும் தெளிவாகத் தெரியும். காயின் அடியில் மரக் கிண்ணம் போன்ற புல்லிவட்டம் ஒட்டியிருக்கும். இந்தக் கிண்ணம் முழுக் குடும்பத்தின் அடையாளம். பனிச்சையிலும் இதைக் காணலாம். வெளிமரம் வெள்ளை, உள்வைரம் மட்டுமே கறுப்பு. எனவே இளங் கருங்காலியை வெட்டிப் பார்த்து "கறுப்பு இல்லையே" என்று ஏமாறுபவர்களும் உண்டு.

சாவண்டலை. சிங்களத்தில் ஹல்மில்ல. நீண்ட காம்பில் இதய வடிவ இலை. பூவரசு போலத் தோன்றும். ஆனால் பூவரசின் காய் உருண்டை. சாவண்டலையின் காய்க்கு ஆறு இறகு. திருகோணமலை மரம் என்ற பெயரோடு இது கப்பலேறிச் சென்னைக் கடற்கரையில் படகு கட்டப் பயன்பட்டது.

விண்ணாங்கு. சிங்களத்தில் வெலங். இலையின் மேற்புறம் பச்சை, கீழ்ப்புறம் வெளிறிய கம்பளி போல. காற்று வீசும்போது மரம் முழுவதும் வெள்ளையாகப் புரளும். இலை நுனி வெட்டியது போல அகன்று பல் பல்லாக இருக்கும். காய் ஐந்து விளிம்புள்ள கட்டையான கோது.

நீரோர மரங்கள்

மருது. சிங்களத்தில் கும்புக். ஆறு, குளம், வாய்க்கால் இருக்கும் இடத்தில் நிற்கும். பட்டை வழவழப்பானது, வெளிறியது, பெரிய மெல்லிய தகடுகளாக உரியும். இலைக்காம்பு முடியும் இடத்தில் இரண்டு சிறு முடிச்சுகள் தெரியும். காய்க்கு ஐந்து சிறகு. மடுத் திருப்பதியை நம் முன்னோர் மருதமடு என்றார்கள். மடு என்றால் ஆழ்ந்த நீர்நிலை. மருது நின்ற நீர்நிலை என்று அந்தப் பெயரே இடத்தை வருணிக்கிறது.

இப்படிப் பார்த்தால் நம் ஊர்ப் பெயர்கள் எல்லாம் ஒரு மரப் புத்தகம். இலுப்பைக்கடவை, புளியங்குளம், பூவரசங்குளம், நொச்சிமோட்டை, ஈச்சங்குளம், பாலமோட்டை, விடத்தல்தீவு, பனிச்சங்கேணி, காஞ்சூரமோட்டை. உங்கள் ஊர்ப் பெயரில் எந்த மரம் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அங்கிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.

பனிச்சை. சிங்களத்தில் திம்பிரி. ஆற்றோரத்தில் அடர்ந்த நிழல் தரும் மரம். தளிர் செந்நிறம். காயில் துருநிறத் தூள் படிந்திருக்கும். காயின் பிசின் வலைக்கும் படகுக்கும் பூசப்பட்டது.

இலுப்பை. சிங்களத்தில் மீ. பாலையின் குடும்பம் என்பதால் இதுவும் பால் வடிக்கும். நீண்ட இலை, கொப்பு நுனியில் கொத்தாக. தடித்த வெண்மஞ்சள் பூ இரவில் உதிர்ந்து நிலத்தில் கிடக்கும். கொட்டையிலிருந்து எண்ணெய் எடுப்பார்கள்.

பற்றைகள்

பற்றை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் காணியின் அண்மைய வரலாற்றைப் பற்றைதான் சொல்லும்.

காரை: இலைகள் நேருக்கு நேர், ஒவ்வொரு கணுவிலும் ஒரு சோடி நேரான முள். பழம் மஞ்சள்.

கிளா: இதிலும் இலை நேருக்கு நேர், முள்ளும் உண்டு. ஆனால் கிள்ளினால் பால் வரும். பழம் பழுத்தால் கருஞ்சிவப்பு. காரையையும் கிளாவையும் பால்தான் பிரிக்கும்.

சூரை: வளைந்த முள், சட்டையைப் பிடித்தால் விடாது. இலையில் அடியிலிருந்து மூன்று நரம்புகள் ஓடும். சிறிய கறுத்த புளிப்புப் பழம்.

விடத்தல்: சிங்களத்தில் அந்தர. தொட்டாற்சுருங்கியினது போன்ற நுண்ணிலை. பூங்கொத்தின் ஒரு பாதி இளஞ்சிவப்பு, மறு பாதி மஞ்சள். இந்த இரு நிறப் பூவை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். காய்கள் முறுக்கிச் சுருண்டிருக்கும். கைவிட்ட வயலிலும் மேய்ச்சல் தரையிலும் விரைவில் பரவும்.

நொச்சி: ஒரு காம்பில் விரல் போல மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள். கீழ்ப்புறம் சாம்பல் நிறம். கசக்கினால் மணம். நீல நிறப் பூ.

ஆத்தி: சிறு மரம். சிங்களத்தில் மயில. மாட்டுக் குளம்பு போல இரண்டாகப் பிளந்த இலை. வேறெதனோடும் மாறாது.

உயிர் காக்கும் வேறுபாடு: தேற்றாவும் காஞ்சூரையும்

மரத்தைச் சரியாக இனங்காண்பது பொழுதுபோக்கு அல்ல என்பதற்கு இந்த இரண்டும் சான்று.

இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் இலை நேருக்கு நேர் நிற்கும். இரண்டிலும் இலையின் அடியிலிருந்து மூன்று முதல் ஐந்து நரம்புகள் நுனிவரை ஓடும். இலையை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

தேற்றா, சிங்களத்தில் இங்கினி. பழம் சிறியது, பழுத்தால் கறுப்பு, உள்ளே ஒரே ஒரு கொட்டை. தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்துக் கலங்கல் நீரை ஊற்றினால் சேறு அடியில் படியும். இடப்பெயர்வுக் காலத்தில் குளத்து நீரைத் தெளிய வைக்க இந்த அறிவு பயன்பட்டது. ஆனால் தெளிந்த நீர் சுத்தமான நீர் அல்ல. கிருமி சாகக் கொதிக்க வைத்தே ஆக வேண்டும்.

காஞ்சூரை, தமிழ்நாட்டில் எட்டி, சிங்களத்தில் கொடகதுரு. பழம் தோடம்பழம் அளவு, பழுத்தால் அதே நிறம். ஓடு கடினம். உள்ளே வெண்மையான சதையில் பல விதைகள். விதை சட்டைப் பொத்தான் போல வட்டமாக, தட்டையாக, சாம்பல் நிறப் பட்டு மயிரோடு இருக்கும். இந்த விதையில் உள்ளது ஸ்ரிக்னின் என்ற கொடிய நஞ்சு. உடல் வலித்து இழுத்து உயிர் போகும்.

பழத்தின் அளவையும் கொட்டையையும் பாருங்கள். சிறிய கறுத்த பழம், ஒரு கொட்டை என்றால் தேற்றா. தோடம்பழம் போன்ற பழம், பொத்தான் விதைகள் பல என்றால் காஞ்சூரை. கொழும்பில் வளர்ந்த பிள்ளைகளைக் காணிக்குக் கூட்டிப் போகும்போது முதலில் காட்ட வேண்டிய மரம் இதுதான். நிறத்தைப் பார்த்துத் தோடம்பழம் என்று கை நீட்டுவது அவர்கள்தான். வேலியில் படரும் குன்றிமணியின் சிவப்பும் கறுப்புமான விதையையும் அதே நாளில் காட்டுங்கள். அதுவும் கொடிய நஞ்சு.

வந்து குடியேறியவை

காட்டில் நிற்பதெல்லாம் இந்த மண்ணின் மரம் அல்ல. தேக்கு இலங்கைக்கு உரியதன்று. ஒல்லாந்தர் காலத்தில் வந்தது. வன்னியில் வரிசை வரிசையாக நிற்கும் தேக்குகள் நட்டவை. பெரிய, சொரசொரப்பான இலை, நேருக்கு நேர். இளந்தளிரைக் கையில் தேய்த்தால் சிவப்புச் சாயம் ஒட்டும்.

நாயுண்ணிப் பற்றை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. சதுரத் தண்டு, முள், சொரசொரப்பான இலை, பல நிறச் சிறு பூங்கொத்து. மாடு இதைத் தின்றால் நோய்ப்படும். சீமைக்கிளுவையும் இபில் இபிலும் மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தவை. வேலிக்கும் பசளைக்கும் தீவனத்துக்கும் நாமே நட்டோம். வந்தவை என்பதால் எல்லாம் தீயவை அல்ல. ஆனால் எது இந்த மண்ணுடையது, எது வந்தது, எது நட்டது என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

காட்டையும் வளவையும் பிரித்துப் பார்த்தல்

இனி அம்மம்மாவின் கேள்விக்கு வருவோம். கைவிட்ட காணி மீண்டும் காடாகும்போது அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் புல்லும் விடத்தல், சூரை, நாயுண்ணி போன்ற பற்றைகளும் வரும். அவற்றின் நிழலில் மெல்ல மெல்ல மரங்கள் முளைக்கும். பாலை, வீரை, கருங்காலி போன்றவை மிக மெதுவாக வளர்பவை. இருபது, முப்பது ஆண்டுகளில் அவை முதுமரம் ஆகிவிடா. எனவே ஒரு காணியில் பற்றையும் இளமரமுமே நிறைந்து, இடையிடையே மட்டும் முதுபாலை ஒன்றோ இரண்டோ நின்றால், அது வெட்டித் திருத்தப்பட்டுப் பின் கைவிடப்பட்ட நிலமாக இருக்க இடமுண்டு. காடு வெட்டும்போது நிழலுக்கும் பழத்துக்கும் ஒரு பாலையை விட்டுவைப்பது நம் கமக்காரரின் வழக்கம்.

அதோடு நட்ட மரங்களைத் தேடுங்கள். மா, தென்னை, தேசி, மாதுளை, முருங்கை ஆகியவை காட்டு மரங்கள் அல்ல. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவை நேர்கோட்டில் நின்றால் அது வேலியின் எச்சம். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தனியே நிற்கும் ஒரு புளியோ வேம்போ போதிய சான்று ஆகாது. பறவையும் குரங்கும் விதையைக் கொண்டு போகும். வரிசை மட்டும் போதாது. தேக்கும் வரிசையில்தான் நிற்கிறது. நட்ட மரம், கிணறு, அத்திவாரம், ஓட்டுத் துண்டு, வரம்பு ஆகியவை ஒன்றாகச் சேர்ந்தால்தான் சான்று வலுப்பெறும்.

எனவே காணிக்குப் போகும் முன் வீட்டில் உள்ள முதியவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் வளவின் படத்தைக் கீறுங்கள். கிணறு எங்கே, படலை எங்கே, எந்த மூலையில் எந்த மரம் என்று அவர் சொல்லச் சொல்லக் குறியுங்கள். தேதியிட்டு அவரின் கையொப்பத்தை வாங்குங்கள். காணியில் நின்று அந்தப் படத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு மரத்தையும் படம் பிடியுங்கள். உறுதி, அனுமதிப்பத்திரம் ஆகியவற்றுக்கு இது பதிலாகாது. ஆனால் அவற்றுக்குத் துணையாகும்.

காணி உங்களுடையதாயினும் அவசரப்பட்டு மரம் தறிக்காதீர்கள். 1951ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க அனுமதி வேண்டும். முதிரை, கருங்காலி, பாலை போன்ற காட்டு மரங்களை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் வனச் சட்டம் குறுக்கே நிற்கும். முதலில் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு, எழுத்தில் பதில் பெறுங்கள். பற்றை வெட்டப் போய் ஒரு முதிரையை வெட்டி வழக்குக்குள் மாட்டிக்கொண்டால், காணிக்கான உங்கள் கோரிக்கையே பலவீனப்படும். பெயர் தெரியாத மரத்தை வெட்டாமல் விடுவதே பாதுகாப்பு.

கொழும்பில் இருந்தே தொடங்கலாம்

காணிக்குப் போகும் நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை. வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதையோரம் பூவரசும் வாதுமையும் நிற்கின்றன. பூவரசின் இதய இலையை வைத்துச் சாவண்டலையைச் சொல்லிக் கொடுக்கலாம். வாதுமை மருதின் உறவு, ஒரே பேரினம். கொழும்பு நூதனசாலை வளவிலுள்ள பெரிய ஆலமரத்தின் கீழ் நின்று, பால் வடியும் இலை எது என்று காட்டலாம். ஒரு வேப்பங் கொப்பு போதும், முழு இலைக்கும் சிற்றிலைக்கும் உள்ள வேறுபாட்டைப் படிப்பிக்க. ஞாயிறு பூசைக்குப் பின் அரை மணி நேரம், வாரம் ஒரு மரம் என்று வைத்தாலும் ஆண்டுக்கு ஐம்பது மரம்.

காணிக்குப் போய் வருபவர்கள் தெரியாத மரத்தின் சிறு கொப்பு ஒன்றை, இலையோடும் முடிந்தால் பூ அல்லது காயோடும் கொண்டு வாருங்கள். பழைய பத்திரிகைத் தாளுக்குள் விரித்து வைத்து மேலே பாரம் வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். காய்ந்ததும் கொப்பியில் ஒட்டி, ஊர், இடம், தேதி, பட்டையின் தன்மை, பால் உண்டா இல்லையா, முதியவர் சொன்ன பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். பேராதனைத் தாவரவியற் பூங்காவிலுள்ள தேசிய உலர்தாவரகத்திலும் இதே முறையில்தான் மாதிரிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே இயக்குநராக இருந்த ஹென்றி றைமன் 1893இல் வெளியிடத் தொடங்கிய இலங்கைத் தாவர நூலில் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் சேர்த்தார். அந்தப் பெயர்களைச் சொன்னவர்கள் நம் ஊர் மக்கள். 1997இல் கொழும்பில் வெளியான, இலங்கையின் பொதுவான மரங்களையும் பற்றைகளையும் களத்தில் இனங்காணும் ஆங்கில வழிகாட்டி ஒன்றும் உண்டு. ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளைகள் அதை நூலகத்தில் தேடிப் பார்க்கலாம்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை

மரம் பார்க்கும் ஆசையில் எந்தக் காட்டுக்குள்ளும் இறங்கிவிடாதீர்கள். வடக்கில் மிதிவெடி அகற்றும் பணி இன்னும் முற்றாக முடியவில்லை. மண்டையோட்டுச் சின்னப் பலகை, சிவப்பு அடையாளம் கட்டிய தடி ஆகியவற்றைக் கண்டால் அந்த இடத்திலேயே நின்று, வந்த வழியே திரும்புங்கள். அடையாளம் இல்லாத இடத்திலும் ஊர் மக்கள் நடக்கும் பாதையை விட்டு விலகாதீர்கள். சந்தேகமான பொருளைத் தொடாமல் பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். யானை நடமாட்டம் உள்ள இடத்தில் மாலைக்கு முன் வெளியேறுங்கள். எந்த மரமும் ஒரு காலின் விலை பெறாது.

முடிவாக

1995இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்குள் வந்தவர்கள் பலருக்குக் காடு புதிது. தலைக்கு மேல் நின்ற மரத்தின் பெயர் தெரியாமலே அதன் நிழலில் கொட்டில் போட்டார்கள். பழம் எது, நஞ்சு எது என்று அங்கே இருந்த வன்னி மக்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த அறிவு அன்று உயிரைக் காத்தது. இன்று காணியைக் காக்க உதவுகிறது.

அந்த அம்மம்மா இப்போது கொட்டாஞ்சேனையில்தான் இருக்கிறார். கால் முன்போல இயலாது. சென்ற ஆடியில் பேரன் காணிக்குப் போய்த் திரும்பும்போது ஒரு கொப்பைக் கொண்டு வந்து கொடுத்தான். அவர் கண்ணாடி போடவில்லை. இலையை விரலால் தடவி, நுனி வெட்டைத் தொட்டுப் பார்த்து, காம்பைக் கிள்ளிப் பாலைப் பார்த்தார். "பாலை. எங்கடை கிணத்தடிப் பாலைதானே சுவாமி?" என்றார். அதேதான். பேரன் கொப்பியில் எழுதிக்கொண்டான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே ஒரு கொப்பியும் பேனையுமாக அவர் பக்கத்தில் உட்காருங்கள்.